எஞ்சியிருக்கும் காலமும் மனமும்: முதியோரும் குடும்பத்தாரும் பேசிக்கொள்ள வேண்டியவை

78 வயதுப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், இதயச் செயலிழப்பு நோய்க்காக எங்கள் முதியோர் மருத்துவப் பிரிவுக்கு நான்கு ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தார். ஓராண்டுக்குள் மூன்றாவது முறையாக மூச்சுத்திணறலுடன் அனுமதிக்கப்பட்டு வீடு திரும்பிய பின்னர், மறுபரிசோதனைக்கு வந்த நாள் அது. பரிசோதனை முடிந்து அவர் வெளியே சென்றதும், உடன் வந்த மகன் கதவை மெல்லச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார். "மேடம், எக்கோ ரிப்போர்ட்டில் என்ன இருந்தாலும் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் மனம் உடைந்துவிடுவார்" என்றார். நான் தலையசைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தபோது, பெரியவர் மருந்துச் சீட்டைக் கொடுத்து மகனை மருந்தகத்திற்கு அனுப்பினார். அவர் படியிறங்கும் வரை காத்திருந்து, "டாக்டரம்மா, எனக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது? நான் கேட்டதாகப் பையனிடம் சொல்லிவிடாதீர்கள். அவன் தாங்கமாட்டான்" என்றார். "அதெல்லாம் நம் கையில் இல்லை ஐயா, மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள்" என்று நான் விடையளித்தேன். தவறான விடை எழுதிய மாணவனை வகுப்பின் முன் அவமானப்படுத்த விரும்பாத ஆசிரியரைப் போல அவர் மெதுவாகப் புன்னகைத்தார்.

அடையாளங்களை மாற்றியே இதை எழுதுகிறேன். ஆயினும் இந்நிகழ்வைப் படிக்கும் குடும்பங்களுள் பல, இது தங்கள் வீட்டுக் கதை என்றே எண்ணக்கூடும். வயது முதிர்வதையும் காலம் குறைவதையும் மனத்தளவில் எதிர்கொள்வது எவ்வாறு என்று இவ்விதழில் எழுதுமாறு கேட்டபோது, அன்று அந்த அறையில் நான் சொல்லாமல் விட்டவற்றையே எழுதலாம் என்று தோன்றியது.

அச்சம் எதைப் பற்றியது?

முதியவர் ஒருவர் "பயமாக இருக்கிறது" என்று சொன்னால், உடனிருப்போர் அதை மரண பயம் என்றே எடுத்துக்கொள்கின்றனர். பொறுமையாகக் கேட்டால், பெரும்பாலும் அச்சம் வேறு இடத்தில் இருப்பது தெரியவரும். மூச்சு முட்டி இறக்க நேருமோ, வலியைச் சொல்ல இயலாமல் கிடப்போமோ, தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கு நடுவே முகம் தெரியாதவர்களிடையே தனித்துக் கிடப்போமோ, தன்னைக் குளிப்பாட்டி ஆடை மாற்றிவிட மருமகளை நம்பியிருக்க நேருமோ, தனக்குப் பின் மனைவி யார் வீட்டில் இருப்பாள் என்பன போன்ற கேள்விகளே அவை. இவற்றுள் மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் மருத்துவத்தில் நல்ல தீர்வுகள் உள்ளன. தேவையானபோது மருத்துவர் மேற்பார்வையில், தக்க அளவில் கொடுக்கப்படும் மார்ஃபின் இரண்டையும் தணிக்கும். 'மார்ஃபின் கொடுத்தால் முடிந்துவிட்டது என்று பொருள்' என்னும் எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கிறது, அது தவறு. மனைவி எங்கே இருப்பாள் என்னும் கேள்விக்குரிய மாத்திரை எங்களிடம் இல்லை. அதற்குக் குடும்பம்தான் விடை சொல்ல வேண்டும். அவ்விடையை அவர் உயிரோடிருக்கும்போதே சொல்ல வேண்டும்.

மூதாட்டி ஒருவருக்கு இரவில் உறக்கமே இல்லை. எழுந்து உட்கார்ந்து பீரோவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மறதிநோயின் தொடக்கம் என்று எண்ணி மகள் அழைத்து வந்தார். நினைவாற்றல் சோதனையில் பெரிய குறை எதுவும் இல்லை. மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னார்: கணவர் உயிரோடிருந்த காலத்தில் அண்டைவீட்டுப் பெண்மணியிடம் கைமாற்றாக நாற்பதாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார். சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. "நான் போய்விட்டால் அந்தப் புண்ணியவதி யாரிடம் கேட்பாள்? கேட்டாலும் என் பிள்ளைகள் நம்புவார்களா?" என்றார். மகள் அந்த வாரமே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். தூக்க மாத்திரை எழுத வேண்டிய தேவையே எழவில்லை. எல்லாருடைய கவலையும் இவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிடாது என்பதை அறிவேன். ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் இதுவும் தீர்ந்திருக்காது.

இழப்பு ஒரே நாளில் வருவதில்லை என்பதையும் குடும்பத்தார் உணர வேண்டும். முதலில் காது சற்று மந்தமாகிறது; தொலைபேசியில் பேசுவது குறைகிறது. பிறகு ஸ்கூட்டர் சாவி வாங்கப்படுகிறது. வங்கிக்குச் செல்வது மகன் வேலையாகிறது. மாடியறையிலிருந்து கீழறைக்குக் கட்டில் இடம் மாறுகிறது. ஒவ்வொன்றும் பாதுகாப்புக்காகவே செய்யப்படுகிறது, ஒவ்வொன்றும் நியாயமானதே. ஆனால் அவற்றை இழப்பவருக்கு அது ஒரு சிறு துக்கம். அத்துக்கத்திற்கு வீட்டில் யாரும் வருத்தம் தெரிவிப்பதில்லை. "இந்த வயதில் ஸ்கூட்டர் எதற்கு?" என்றுதான் கேட்கிறோம்.

துயரமும் மனச்சோர்வு நோயும்

நோய்நிலை அறிந்தவர் வருந்துவது இயல்பு. 1969-ஆம் ஆண்டில் எலிசபெத் கூப்லர்-ராஸ் என்னும் மனநல மருத்துவர், இறக்கும் நிலையிலிருந்த நோயாளிகளுடன் உரையாடி எழுதிய நூலில் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்னும் ஐந்து நிலைகளைக் குறிப்பிட்டார். அவை படிக்கட்டுகள் போல ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்று பலரும் பிற்காலத்தில் புரிந்துகொண்டது பெரும் தொல்லையாகிவிட்டது. "அப்பா இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, எப்போது ஏற்றுக்கொள்வார்?" என்று அட்டவணை பார்ப்பது போலக் கேட்கிறவர்கள் உண்டு. காலையில் தன் ஈமச் சடங்குக்கான பணத்தைத் தனியே எடுத்துவைக்கச் சொன்னவர், மாலையில் அடுத்த ஆண்டுப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது பற்றிப் பேசுவார். இது குழப்பமன்று. மனித மனம் இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ள வல்லது.

ஆனால் மனச்சோர்வு நோய் வேறு. 'வயதாகிவிட்டது, சோர்வாகத்தான் இருப்பார்' என்று அதை விட்டுவிடுவதே நான் அடிக்கடி காணும் பிழை. துயரத்தில் இருப்பவர் பேரக்குழந்தை ஓடிவந்தால் சிரிப்பார்; பிடித்த பலகாரத்தை ஒரு வாயாவது கேட்பார்; அலை போல வருத்தம் வந்து போகும். மனச்சோர்வு நோயில் அலை இல்லை, தேங்கிய நீர்தான். எதிலும் நாட்டமின்மை, தான் பயனற்றவர் என்னும் உறுதியான எண்ணம், தேவையற்ற குற்றவுணர்வு ஆகியன இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடிக்கும். முதியவர்கள் "மனம் சரியில்லை" என்று சொல்வது அரிது. உடம்பெல்லாம் வலி, வயிற்றில் எரிச்சல், வாய் கசக்கிறது, ஞாபகம் போய்விட்டது என்றே சொல்வர். இதனால்தான் முதியோருக்கென 1980-களில் உருவாக்கப்பட்ட மனச்சோர்வு அளவுகோலில் உடல் தொடர்பான கேள்விகள் பெரிதும் தவிர்க்கப்பட்டு, ஆம் அல்லது இல்லை என்று விடையளிக்கத்தக்க எளிய கேள்விகள் வைக்கப்பட்டன. அதன் சுருக்க வடிவத்தில் 15 கேள்விகளே உள்ளன. புறநோயாளர் பிரிவில் பத்து நிமிடத்திற்குள் முடித்துவிடலாம்.

சோர்வுக்குக் காரணம் உடலில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, இரத்தசோகை, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவை சோர்வாகத் தோன்றக்கூடும். பின்னர், தேவைப்பட்டால் மனச்சோர்வு மருந்துகளைத் தொடங்குவோம். இவற்றின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் பலனில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். முதியவர்களுக்கு இம்மருந்துகளுள் சில இரத்தத்தின் சோடியம் அளவைக் குறைக்கக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்தால் தவறாமல் வாருங்கள். பக்கத்து வீட்டில் கொடுத்த தூக்க மாத்திரையை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். நள்ளிரவில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருபவர்களிடம் அந்த மாத்திரையின் கதையைக் கேட்டிருக்கிறேன்.

"போதும் சாமி, என்னைக் கூப்பிட்டுக்கொள்" என்று முதியவர் சொல்வது பல வேளைகளில் வெறும் அலுப்பின் சொல். ஆனால் அதைக் கேட்டதும் "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்" என்று வாயடைப்பதை விட, அருகில் அமர்ந்து, "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? நீங்களாக ஏதேனும் செய்துகொள்ளலாம் என்று நினைத்ததுண்டா?" என்று நேராகக் கேட்பது நல்லது. அவ்வாறு கேட்பதால் இல்லாத எண்ணம் உருவாகிவிடாது. உண்டு என்று விடை வந்தால் அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் கைக்கெட்டாமல் அகற்றிவிட்டு, அன்றே எங்களிடம் அழைத்து வாருங்கள். 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணிலும் 104 என்னும் எண்ணிலும் பேசலாம்.

வட்டம் சுருங்குவது குறையா?

"அம்மா முன்போல யாரிடமும் பேசுவதில்லை. கல்யாணத்துக்கு வரச் சொன்னாலும் வருவதில்லை" என்பது மற்றொரு முறையீடு. மேற்சொன்ன மனச்சோர்வின் அடையாளங்கள் இல்லையெனில், இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். காலம் நிறைய இருக்கிறது என்று எண்ணுபவர் புதிய மனிதர்களையும் புதிய செய்திகளையும் தேடுகிறார். காலம் குறைவு என்று உணர்பவர் தமக்கு நெருக்கமான சிலரை மட்டும் தேர்ந்துகொள்கிறார் என்பது அவர் கருத்து. இதில் வியப்பு என்னவெனில், இது வயதை மட்டும் பொறுத்ததன்று. 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படுவதற்கு முன், ஒரு காலம் முடியப்போகிறது என்னும் உணர்வு பரவியிருந்த நாள்களில், அங்கிருந்த இளைஞர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கியவர்களின் துணையையே விரும்பினர் என்று அவரும் அவருடன் பணியாற்றியோரும் கண்டனர்.

ஆகவே ஐந்நூறு பேர் கூடும் மண்டபத்துக்குச் செல்ல மறுக்கும் அம்மா, தம் தங்கையுடன் ஒரு பிற்பகல் முழுதும் பேசிக்கொண்டிருக்க விரும்பலாம். அந்தத் தங்கையை அழைத்து வருவதற்கான ஆட்டோ வாடகை, நீங்கள் வாங்கித் தரும் சத்துமாவை விடப் பயனுள்ள செலவாக இருக்கக்கூடும். காது கேளாமையால் ஒதுங்கியிருப்பவரின் நிலை மட்டும் வேறு. அவர் தேர்ந்து ஒதுங்கவில்லை, ஒதுக்கப்பட்டிருக்கிறார். காதில் அழுக்கடைத்திருப்பதை நீக்கியவுடனேயே வீட்டில் மீண்டும் சண்டை போடத் தொடங்கிய பாட்டியை நான் அறிவேன். குடும்பத்தார் மகிழ்ந்தார்களா என்று கேட்காதீர்கள்.

"எவ்வளவு நாள்?"

இனி, அந்த ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். மருத்துவர்கள் இதற்கு நழுவி விடை சொல்வதற்குக் காரணம் கோழைத்தனம் மட்டுமன்று. எங்களுக்கு உறுதியாகத் தெரியாது என்பதும் உண்மை. 2000-ஆம் ஆண்டில் சிகாகோ நகரின் நோய்தணிப்பு மையங்களில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், மருத்துவர்கள் முன்கூட்டிச் சொன்ன காலம், நோயாளிகள் உண்மையில் வாழ்ந்த காலத்தைப் போல ஐந்து மடங்குக்கும் சற்று அதிகமாக இருந்தது. அதிலும், நோயாளியை நெடுநாள் அறிந்த மருத்துவரின் கணிப்பே கூடுதலாகப் பிழைத்தது. அன்பு கணக்கைக் கெடுக்கிறது போலும்.

மறுபுறம், எண்ணைச் சொல்லும்போதும் அதன் பொருள் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஒரு நோயில் 'இடைநிலை ஆயுள் எட்டு மாதம்' என்றால், நோயாளிகளில் பாதிப்பேர் எட்டு மாதத்திற்குள் இறந்தனர், மீதிப் பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்றே பொருள். எல்லாரும் எட்டாம் மாதம் இறப்பர் என்பதன்று. அமெரிக்க அறிவியலறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-இல் வயிற்றுச் சவ்வில் அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டபோது, அவர் படித்த நூல்களில் இருந்த எண் இந்த எட்டு மாதம்தான். புள்ளியியல் அறிந்த அவர், அந்த இரண்டாம் பாதியின் வால் எவ்வளவு நீளமானது என்று சிந்தித்தார். 1985-இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். நோய் கண்டறியப்பட்ட பின் அவர் 20 ஆண்டுகள் வாழ்ந்தார். எல்லாருக்கும் அவ்வாறு நேரும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஓர் எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதய, நுரையீரல், சிறுநீரக நோய்களில் கணிப்பு இன்னும் கடினம். ஒருவர் இறங்கி, ஏறி, மீண்டும் இறங்குவார். எனவே நான் இப்போது நாள்களையோ மாதங்களையோ எண்ணிச் சொல்வதில்லை. "ஆண்டுகளாக இருக்கலாம்", "மாதங்கள் என்று தோன்றுகிறது", "வாரங்களாகவும் இருக்கக்கூடும்" என்னும் அளவில் சொல்கிறேன். உடன் மற்றொன்றையும் கேட்கிறேன்: "இதைத் தெரிந்துகொள்ள விரும்புவதற்குக் காரணம் ஏதேனும் உண்டா?" பெரும்பாலும் உண்டு. பேத்தியின் திருமணத்தை முன்கூட்டி வைப்பதா, கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொள்வதா, குலதெய்வக் கோயிலுக்கு ஒருமுறை போய்வருவதா என்பவையே பின்னால் இருக்கும் கேள்விகள். அவற்றிற்குத் தெளிவாகவே விடை சொல்ல முடிகிறது. "திருவிழா வரை காத்திருக்க வேண்டாம், அடுத்த வாரமே போய்விட்டு வாருங்கள், ஆக்ஸிஜன் ஏற்பாடு செய்கிறோம்" என்று சொல்லலாம்.

சொல்வதா, மறைப்பதா?

'சொன்னால் உடைந்துவிடுவார்' என்னும் மகனின் அச்சத்தை நான் இகழவில்லை. அது அன்பிலிருந்து வருவது. அறிந்துகொள்ள விரும்பாத முதியவர்களும் உண்டு. "எல்லாம் என் மகளிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று அவர்களே சொல்லிவிட்டால் அவ்விருப்பத்தை மதிக்க வேண்டும். ஆனால் முடிவு அவருடையதாக இருக்க வேண்டும். கதவுக்கு வெளியே நாம் எடுத்த முடிவாக இருக்கக் கூடாது.

மேலும், மறைத்துவிட்டோம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் மறைவதில்லை. தன் உடம்பு இளைப்பதை அவர் நாள்தோறும் காண்கிறார். தான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நிற்பதைக் கவனிக்கிறார். சிங்கப்பூரிலிருந்து மகன் விடுப்பெடுத்து வந்திறங்கினால், 'சும்மா பார்க்க வந்தேன்' என்பதை எவரும் நம்புவதில்லை. அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியும், நமக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். எஞ்சிய நாள்கள் இந்த நாடகத்திலேயே கழிந்துவிடுகின்றன. சொத்துப் பத்திரம் எந்த லாக்கரில் இருக்கிறது என்பதும் கேட்கப்படாமல் போகிறது, இளைய மகனுடன் பத்தாண்டுகளாகப் பேசாதிருப்பதை இப்போதாவது முடித்துக்கொள்ளலாமா என்பதும் கேட்கப்படாமல் போகிறது.

நேர்மையாகப் பேசுவது ஆயுளைக் குறைத்துவிடும் என்னும் அச்சத்திற்கும் சான்றில்லை. 2010-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையுடன் தொடக்கத்திலிருந்தே நோய்தணிப்புக் குழுவினரையும் சந்தித்து வந்தோருக்கு மனச்சோர்வு குறைந்திருந்தது. கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளை அவர்கள் குறைவாகவே பெற்றனர். எனினும் அவர்களுடைய இடைநிலை ஆயுள் 11.6 மாதமாகவும், மற்றவர்களுடையது 8.9 மாதமாகவும் இருந்தது.

எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: நீங்கள் செய்தியைச் சொல்வதிலிருந்து தொடங்க வேண்டாம். அவர் அறிந்திருப்பதைக் கேட்பதிலிருந்து தொடங்குங்கள். "உங்கள் உடம்பைப் பற்றி டாக்டர் என்ன சொன்னதாக நினைக்கிறீர்கள், அப்பா?" என்ற ஒரு கேள்வி போதும். அவர் பேசும்போது இடையில் நிறுத்தி ஆறுதல் சொல்லாதீர்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை, நூறு வயது இருப்பீர்கள்" என்னும் சொல் நம் நாட்டில் வாழ்த்தாகச் சொல்லப்படுவது. அவ்விடத்தில் அது கதவைச் சாத்தும் சொல்லாகிவிடும். அவர் அழுதால் அழட்டும். நீங்கள் அழுதாலும் தவறில்லை. மௌனம் நீண்டால் காலைப் பிடித்துவிடுங்கள். சொல்ல இயலாததைச் சொல்ல நம் வீடுகளில் கைகளுக்குத் தெரியும்.

கடந்த காலத்தைத் திரும்பத் திரும்பப் பேசுவதையும் தடுக்க வேண்டாம். முதியவர்கள் தம் வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது மூளைத் தேய்வின் குறியன்று, மனம் செய்யும் தேவையான பணி என்று ராபர்ட் பட்லர் என்னும் மனநல மருத்துவர் 1963-இலேயே எழுதினார். கனடாவின் ஹார்வி சோச்சினோவ் இதை ஒரு சிகிச்சை முறையாகவே வகுத்தார்: இறுதிக் காலத்திலுள்ள நோயாளியிடம் அவருடைய வாழ்வைப் பற்றியும், குடும்பம் நினைவில் கொள்ள வேண்டியவை பற்றியும் கேட்டுப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, படித்துக் காட்டித் திருத்தி, அவரிடமே தருகிறார்கள். இதற்கு வல்லுநர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரியில் படிக்கும் பேரன் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, "தாத்தா, நீங்கள் முதல்முதலில் சம்பளம் வாங்கிய அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் போதும்.

எழுதி வைப்பது

தம் நினைவு தெளிவாக இருக்கும்போதே, பிற்காலத்தில் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைக்கும் உரிமை நம் நாட்டில் உண்டு. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை ஏற்றது; 2023 ஜனவரி 24 அன்று நடைமுறையை எளிதாக்கியது. 18 வயது நிறைந்த, தெளிந்த மனநிலையிலுள்ள எவரும், இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்றொப்பம் பெறலாம். தாம் பேச இயலாத நிலையில் தம் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயர்களையும் அதில் குறிப்பிட வேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். மீட்சிக்கு வழியில்லாத நிலையில் செயற்கைச் சுவாசம் போன்றவற்றைத் தொடராமல் விடுவது பற்றியதே இது. உயிரைப் போக்கும் ஊசி போடுவது இந்தியாவில் குற்றம். இவ்வாறு எழுதி வைத்தவருக்கு வலி நீக்கும் மருந்தோ, கிருமித் தொற்றுக்கான மருந்தோ மறுக்கப்படும் என்று அஞ்ச வேண்டாம்.

இதைக் கருணையற்ற காகிதம் என்று சிலர் கருதுகிறார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு, வென்டிலேட்டர் வைப்பதா என்று இளைய மருத்துவர் கேட்கும்போது, வராந்தாவில் நிற்கும் மகனின் தோளிலிருந்து அந்தச் சுமையை இறக்கிவைப்பது அந்தக் காகிதமே.

பராமரிப்பவருக்கு ஒரு சொல்

இவ்வளவையும் படித்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் ஒரு மகளாகவோ மருமகளாகவோ மனைவியாகவோ இருப்பார். உங்களுக்குச் சினம் வருகிறது என்பது எனக்குத் தெரியும். 'எப்போது முடியும்' என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, பிறகு அதற்காக இரவெல்லாம் வருந்துகிறீர்கள் என்பதும் தெரியும். பல மாதம் உறக்கம் கெட்ட எவருக்கும் அந்த எண்ணம் வரும். அது அன்பின்மைக்குச் சான்றன்று. வாரத்தில் இரண்டு இரவேனும் வேறொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். வெளியூர்ப் பிள்ளைகள் காணொலி அழைப்பில் ஆலோசனை சொல்வதை விட, அந்த இரண்டு இரவுக்கு ஓர் உதவியாளரின் ஊதியத்தை அனுப்புவது மேல். மருத்துவரிடம் பேச ஒருவரை மட்டும் குடும்பம் நியமித்துக்கொள்ளட்டும். விமானத்தில் வந்திறங்கியவர் மறுநாள் காலை எல்லா முடிவுகளையும் மாற்ற முற்படுவது நாங்கள் அடிக்கடி காணும் காட்சி. அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் அருகில் இல்லாமற்போன குற்றவுணர்வே என்பதால், அவரிடமும் சற்றுப் பொறுமை காட்டுங்கள்.

முதியவருக்கு ஏதேனும் ஒரு வேலையை விட்டுவையுங்கள். கீரை ஆய்வதோ, பால் கணக்கு எழுதுவதோ போதும். நீங்கள் செய்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் என்பது உண்மைதான்.

உதவிக்கு வாய்ப்புகளும் உள்ளன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து நோய்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அளிக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். 14567 என்பது முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண்.

அந்த ஆசிரியர் அடுத்து வந்தபோது, மகனை மருந்தகத்திற்கு அனுப்ப விடாமல் இருவரையும் அமரச் சொன்னேன். சென்ற முறை நான் சரியாக விடை சொல்லவில்லை என்று பெரியவரிடம் ஒப்புக்கொண்டேன். மகன் என்னை முறைத்தார். தந்தை அவர் முழங்கை மீது கை வைத்து, "விடு, நான்தான் கேட்டேன்" என்றார். இருபது நிமிடம் பேசினோம். அதில் பத்து நிமிடம் எவரும் பேசவில்லை. அதன் பின் அவர் ஏழு மாதம் இருந்தார். இருமுறை அனுமதிக்கப்பட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டாம் என்று தம் கையாலேயே எழுதி வைத்தார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மகனிடம் கொடுத்துப் பார்க்கவும் சொன்னார்.

இது குறித்துப் பேச விரும்புவோர் புறநோயாளர் பதிவின்போதே 'குடும்பச் சந்திப்பு' என்று குறிப்பிட்டால் பிற்பகலில் தனி நேரம் ஒதுக்கித் தருகிறோம். வரும்போது பெரியவரின் மூக்குக்கண்ணாடியையும் செவிக்கருவியையும் மறவாமல் எடுத்து வாருங்கள். செவிக்கருவிக்கு மாற்று பேட்டரி ஒன்றும் இருக்கட்டும்.